மணப்பெண்ணும் பதினேழு ஸ்பீடு பிரேக்கரும்

காலேப் தன் காரின் பின்சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டிருந்த விஷயம் அவன் அப்பா வேதசிரோமணிக்குத் தெரியவந்தது, அக்கா ஜெரூஷாவின் கல்யாணத்தன்று காலை ஒன்பது ஐந்துக்குத்தான்.

வீட்டு ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்திருந்தார்கள். வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாக ஜெரூஷா வாசலில் நின்றாள். மணப்பெண்ணின் தகப்பன் என்ற முறையில் கோட்டும் சூட்டும் போட்டிருந்த வேதசிரோமணி, மகளோடு பின்னால் உட்கார்ந்து போவதற்காகக் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே வெறும் தகரம்தான் இருந்தது. அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்பானரும் ஒன்றுக்கொன்று துணையாகக் கிடந்தன.

"சீட் எங்கடா?"

"எடுத்துட்டேன்பா."

"எடுத்துட்டேன்னா?"

"வெயிட் குறைக்க."

வேதசிரோமணி மகனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். காலேபின் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் ஒரு விடைத்தாளைப் பார்க்கிற பார்வை அது. எவ்வளவு மார்க் என்று பையனுக்குத் தெரிந்துவிடும்.

"ரெண்டு பேர்தான் போக முடியுமா இதுல?"

"ஓட்டுறவனோட சேர்த்து ரெண்டு பேர்."

"ஓட்டுறவன் இல்லாம போகுமா?" என்று கேட்டுவிட்டு அவர் வேனை நோக்கி நடந்தார். வேனில் ஏற்கெனவே அத்தைகளும் சித்தப்பாக்களும் அவர்களுடைய பைகளும் நிறைந்திருந்தார்கள். அம்மா சாராள் யாரையோ எழுப்பி நகர்த்தி அவருக்கு இடம் பண்ணினாள். ஜன்னல் வழியாக அவர் தலையை நீட்டினார். "பத்து மணிக்கு நான் சர்ச் வாசல்ல நிப்பேன். பொண்ணு வரணும்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து வாரங்கள் தொடங்கிவிட்டால் சர்ச்சில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். அதனால் நவம்பர் வந்ததும் எல்லோரும் அவசர அவசரமாகக் கட்டிக்கொள்வார்கள். அன்று கிழக்குத் தாம்பரம் சர்ச்சில் மட்டும் மூன்று கல்யாணம். பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. ஆயர் கடிகாரத்தோடு பிறந்தவர். பத்து இருபதுக்குள் மணப்பெண் வாசலில் கால் வைக்காவிட்டால் அந்தக் கல்யாணத்தை வரிசையின் கடைசிக்கு, மாலை நாலு மணிக்குத் தள்ளிவிடுவார். போன வருடம் ஒரு பெண் அப்படித்தான் சர்ச்சின் பக்கத்து அறையில் மாலை வரை உட்கார்ந்து அழுது, போட்டோவில் மூக்கு சிவந்து நின்றாள். ஜெரூஷாவின் மாப்பிள்ளை நிகில் நாகர்கோவில்காரன். அவன் பக்கத்து ஆட்கள் எழுபது பேருக்கு மாலை ஐந்தரைக்கு எழும்பூரில் ரயில். நாலு மணிக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட இல்லாமல்தான் அது நடக்கும்.

நல்லவேளையாக ஒரு வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தார்கள். கெட்ட வேளையாக, முந்தின நாள்தான் காலேப் அதை வேண்டாமென்று சொல்லியிருந்தான்.

காலேபின் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஜப்பானில் செய்தது. நாலு கதவு, சின்ன உடம்பு, டர்போ இன்ஜின், டிக்கியின் மேல் துணி காயப்போடலாம் போல ஓர் இறக்கை. மற்ற கார்களில் இரண்டு சக்கரம் இழுக்கும், மீதி இரண்டும் விருந்தாளி மாதிரி கூட வரும். இதில் நாலும் இழுக்கும். பனி மூடிய மலைப்பாதைகளில் வழுக்காமல் பாய்வதற்காகவே அதைச் செய்திருந்தார்கள். பனி பெய்யும் தேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து, அஸ்தினாபுரத்தில் மின்விசிறிக்கு அடியில் பனியனோடு படுத்துக்கொண்டே குளிரில் நடுங்கப் பழகியிருந்த காலேபுக்கு, அந்தக் காரை ஒருவர் விற்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை. நாலாவது கை வண்டி. முன்னால் மூன்று பேர் ஆசை தீர ஓட்டிவிட்டு, புத்தி வந்து விற்றிருந்தார்கள்.

அப்பா கூடாது என்றார். "வாங்கட்டும்பா" என்று சண்டை போட்டு வாங்க வைத்தவள் ஜெரூஷாதான். அவள் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் எஞ்சினியர். கல்யாணத்துக்காகப் போன வாரம் விற்கும்வரை, தினமும் படப்பை வழியாகத் தன் பழைய சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போய் வந்தவள். "ஒரே கண்டிஷன்தான்டா. என் கல்யாணத்துக்கு நான் இந்தக் கார்லதான் சர்ச்சுக்குப் போவேன்" என்றாள். தம்பி கண் கலங்க ஒப்புக்கொண்டான். ஆனால் அதன்பிறகு அவள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டபோதெல்லாம் அவன் முகம், யாரோ அவனுடைய பல் பிரஷைக் கடன் கேட்டதுபோல ஆகிவிடும். கிளட்ச் புதுசு என்பான். டயர் இன்னும் பழகவில்லை என்பான். இரண்டு வருடத்தில் அந்த ஸ்டியரிங்கை அவனையும் மெக்கானிக் சம்பத்தையும் தவிர யாரும் தொட்டதில்லை.

சம்பத் படப்பையில் தன் சொந்த நிலத்தில் ஷெட் போட்டிருந்தார். காலேப் இணையத்தில் எதையாவது பார்த்துவிட்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய் நிற்பான். குடம் அளவுக்கு ஒரு சைலன்சர் போட்டான். முன்னால் இரண்டு பக்கெட் சீட்டும், தோளிலும் இடுப்பிலுமாக நாலு முனையில் பூட்டுகிற ரேஸ் பெல்ட்டும் போட்டான். பிறகு எடைக் குறைப்பில் இறங்கினான். பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, பாட்டுப்பெட்டி எல்லாம் போயின.

"மொத்தம் எத்தினி கிலோ கொறஞ்சிது சார்?" என்று சம்பத் ஒருநாள் கேட்டார்.

"அம்பத்தாறு."

"பரோட்டாவ வுட்டீங்கன்னா அதுல பாதி சும்மாவே கொறையும். சீட்டாவது மிஞ்சும்."

காலேப் சிரிக்கவில்லை. பனி தேசத்தில் யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு போட்டோகிராபர் பட்டாபிராமன் காரைப் பார்க்க வந்தான். சுற்றி வந்து, குனிந்து, உதட்டைப் பிதுக்கினான். "கார் செமயா இருக்கு ப்ரோ. ஆனா டயருக்கு மேல இவ்ளோ கேப் இருக்கே? ஒரு பூனை படுத்துத் தூங்கலாம் போல. வீடியோல அசிங்கமா தெரியும்."

அவ்வளவுதான். அன்று மதியமே காலேப் படப்பையில் நின்றான். ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்கச் சொன்னான். கார் தரையைத் தேடி நாலு விரல் கீழே போயிற்று.

சம்பத் தாடையைச் சொறிந்தார். "எத்தினி பேர் போவீங்க இதுல?"

"ரெண்டே பேர் அண்ணா."

"நீங்களே ரெண்டு பேர் சார். பாத்துப் போங்க. ரோட்டுல இன்னா இன்னாவோ கட்டி வச்சிகீறானுங்க."

அன்று தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு வீடு வந்தான். எல்லா ஸ்பீடு பிரேக்கரிலும் ஒரு விரல் இடைவெளியில் கார் தப்பித்தது. பாஸ் என்று முடிவு கட்டினான். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அந்த ஒரு விரல் எங்கே போகும் என்ற கேள்வி, கணக்கு வாத்தியார் மகனுக்கு எழவில்லை.

இப்போது ஒன்பது பதினைந்து. அம்மா வேனிலிருந்து இறங்கி வந்து பெல்ட்டைப் பார்த்துத் திகைத்தாள். பட்டுப் புடவைக்கு மேலே, மாலைக்கு மேலே, நெட்டுக்கு மேலே நாலு சிவப்புப் பட்டைகளைப் போட்டு நடுவில் பூட்டியதும் ஜெரூஷா விண்வெளிக்குப் போகிறவள்போல் இருந்தாள். கையில் வெள்ளை ரோஜாப் பூச்செண்டு.

"மூச்சு விட முடியலடா."

"அதான் சேஃப்டிக்கா."

அம்மா திரும்பி ஏறிக்கொண்டதும் வேன் முன்னால் போய்விட்டது. காலேப் இன்ஜினை உயிர்ப்பித்தான். தெரு நாய்கள் எழுந்து நின்றன. கார் நாற்பதடி போயிற்று.

அஸ்தினாபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் தளம் போட்டாலும், மிஞ்சிய சிமெண்ட் கலவையைக் குப்பையில் கொட்ட மாட்டார்கள். வாசலுக்கு நேரே சாலையின் குறுக்கே கொட்டிக் கையால் தட்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஆக்கிவிடுவார்கள். உயரம் அவரவர் கலவையின் அளவு. அந்தத் தெருவில் மட்டும் நாலு. நாலும் இந்த இரண்டு வருடத்தில் முளைத்தவை. காலேபின் கார் போடும் சத்தத்துக்காகவே முளைத்தவை. வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்த தெருவாசிகள், கடைசியில் காங்கிரீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முதலாவது செல்லியம்மாள் வீட்டுக்கு எதிரே. அவர் மாடி எடுத்தபோது கலவை தாராளமாகவே மிஞ்சியிருந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு காரின் வயிற்றுக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்தில் பெஞ்சை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

"என்னடா?"

"சைலன்சர் பைப் இடிக்குதுக்கா."

பின்னால் எடுத்தான். சாய்வாக ஏற்றிப் பார்த்தான். வலது ஓரமாகப் போனான், இடது ஓரமாகப் போனான். ஒவ்வொரு தடவையும் பெஞ்சை இழுத்தார்கள். செல்லியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

காலேப் அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "ஒண்ணு பண்ணலாம். நீ கொஞ்சம் இறங்கி அந்தப் பக்கம் நடந்து வந்துட்டா, வெயிட் குறையும்."

ஜெரூஷா அவனையே பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றினாள். முந்தின நாள் மழையில் தெரு நசநசவென்று இருந்தது. செல்லியம்மாள் ஓடிவந்து புடவையின் கீழ்க்கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணப் பொண்ண எறக்கி நடக்க வுடுறியே, இன்னா தம்பி காரு இது?"

"ஆல் வீல் டிரைவ் ஆண்ட்டி."

"ஆங்?"

"நாலு சக்கரமும் இழுக்கும்."

"இழுத்துகினு போவ வேண்டியதுதான?"

பக்கத்தில் ஆளில்லாமல் கார் லேசாகத் தாண்டியது. ஜெரூஷா ஏறினாள், பெல்ட் போட்டாள். அதற்கே ஒரு நிமிடம். அறுபதடியில் இரண்டாவது. இறங்கினாள், ஏறினாள். மூன்றாவதில் ஒரு வீட்டுக்காரர் குடை கொண்டுவந்து பிடித்தார். மழை பெய்யவில்லை, ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாலாவதன் மறுபக்கம் முழுக்கச் சேற்றுத்தண்ணீர் தேங்கியிருந்தது. காலேப் காரின் கால்மிதியை எடுத்து அதன்மேல் விரித்தான். மிதி மிதந்துகொண்டு போயிற்று.

ஜெரூஷா இறங்கவில்லை.

"டேய். மணி ஒன்பது இருபத்தெட்டு. இங்கேருந்து சர்ச்சுக்கு மொத்தம் எத்தனை ஸ்பீடு பிரேக்கர்?"

அது அவனுக்குத் தெரியும். அந்த வழியில் ஒவ்வொன்றையும் அவன் பெயர் வைத்துக் கூப்பிடாத குறை. "பதினேழு. மூணு தாண்டியாச்சு."

"இறங்கு. நான் ஓட்டுறேன்."

"அக்கா, கிளட்ச் ரொம்ப ஹார்டு. நீ பட்டுப் புடவை, ஹீல்ஸ் எல்லாம்…"

அவள் செருப்பைக் கழற்றிப் பின்னால் தகரத்தின்மேல் போட்டாள். அது ஸ்பானர்மேல் விழுந்து கணீரென்றது. "ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கணும். நான் கல்யாணப் பொண்ணு. நீ யாரு?"

இந்தக் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பின்னால் பலநாள் காலேப் வெட்கப்பட்டான். சேற்றையும் வெள்ளைப் பட்டையும் ஒரே பார்வையில் பார்த்தபடி, முழுதாகப் பத்து நொடி அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா ஓட்டினால் கியர் உரசும், கிளட்ச் கருகும் என்று அவன் மனம் ஒரு பட்டியலே போட்டது. அந்தப் பட்டியலில் நாகர்கோவில் ரயில் இல்லை. ஆயரும் இல்லை.

பின்னால் ஒரு குப்பை வண்டி ஹாரன் அடித்தது. அவன் இறங்கினான்.

"இதப் பிடி" என்று ஜெரூஷா பூச்செண்டை அவன் கையில் கொடுத்தாள். உள்ளே இருந்தபடியே அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்து, நெட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். கார் நாலாவது ஸ்பீடு பிரேக்கரை உரசாமல் ஏறி, தண்ணீருக்குள் மெதுவாக இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்றது. கியர் உரசவில்லை. காலேபுக்கு ஏனோ அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அதன்பிறகு அவன் வேலை மாறியது. ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் இறங்குவது, பூச்செண்டோடு ஓடுவது, அந்தப் பக்கம் ஏறுவது. சிட்லபாக்கம் வந்தபோது ஒன்பது ஸ்பீடு பிரேக்கர் முடிந்திருந்தது. அவன் போட்டிருந்த கோட்டின் முதுகு வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஒரு மணப்பெண் ரேஸ் கார் ஓட்டுவதையும் பின்னால் ஒரு குண்டுப் பையன் ரோஜாப்பூவோடு ஓடிவருவதையும் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"துரத்துறான் மச்சான்."

"புடிச்சிருவானா?"

"அந்த ஒடம்ப வச்சிகினா?"

செம்பாக்கத்தில் வழி முடிந்துவிட்டது. பாதாளச் சாக்கடைக்காகச் சாலையைத் தோண்டி, குறுக்கே ஒரு டிரம்மை வைத்திருந்தார்கள். பக்கத்துக் காலிமனை வழியாக வேளச்சேரி மெயின் ரோட்டுக்கு ஏற ஒரு மண்சரிவு இருந்தது. குழியிலிருந்து எடுத்த களிமண்ணைக் கொட்டி, மழை அதைக் குழைத்திருந்தது. பாதி வழியில் ஓர் ஆட்டோ பின்சக்கரம் புதைந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காலேப் இறங்கிப் போய்ப் பார்த்தான். தோல் ஷூ கணுக்கால் வரை போயிற்று. திரும்பி வந்தான்.

"முடியாதுக்கா. திரும்பிச் சுத்திப் போயிடலாம்."

"சுத்துனா எவ்ளோ நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"மணி ஒன்பது நாப்பத்தாறு." அவள் சரிவைப் பார்த்தாள். "நாலு சக்கரமும் இழுக்கும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தியே. சேத்துல இழுக்குமா, இழுக்காதா?"

"இழுக்கும். அதுக்குத்தான் செஞ்சிருக்கான். ஆனா…"

"ஆனா?"

உண்மை வெளியே வந்தது. "நான் சேத்துல ஓட்டுனதே இல்லக்கா. மழை வந்தா உறை போட்டு மூடிருவேன்."

ஜெரூஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஓரமா நில்லு" என்றாள்.

"செகண்ட்ல போ. நடுவுல ஆக்சிலேட்டர விட்டுராத. வீல் திருப்பினா…"

"ஓரமா நில்லுடா."

அவன் நின்றான். கார் சரிவின் அடியில் ஒரு கணம் உறுமியது. பிறகு ஏறியது. நாலு சக்கரமும் நாலு பக்கம் சேற்றை வாரி எறிந்தன. பின்பக்கம் இடதுபுறம் வழுக்கியது, முன்பக்கம் அதை இழுத்து நேராக்கியது. ஆட்டோவை அரை கஜத்தில் ஒதுங்கி, நண்டு மாதிரி சாய்ந்து, முழங்காலால் ஊன்றி எழுகிற மனிதனைப்போல ஒரு தம் பிடித்து, மேலே போய்விட்டது. உள்ளே ஸ்டியரிங்கைப் பற்றிய இரண்டு கைகளிலும் மருதாணி.

காலேப் வாயைத் திறந்தபடி நின்றான். இரண்டு வருடமாக அந்தக் காரை அவன் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறான், கழுவிப் பார்த்திருக்கிறான், உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அது பாய்ந்து ஓடி வெளியிலிருந்து பார்த்ததில்லை. இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் முன்பே இறங்கியிருப்பான் என்று நினைத்தான். உடனே, இறங்கியிருக்க மாட்டான் என்றும் தெரிந்தது.

மேலே கார் நிற்கும், தான் ஏறிக்கொள்ளலாம் என்று சேற்றில் காலை எடுத்து வைத்தான். ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, நிற்கவில்லை என்கிற மாதிரி ஆட்டிக் காட்டியது. இன்னும் ஆறு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. ஒவ்வொன்றிலும் தம்பியை இறக்கி ஏற்ற நேரமில்லை. கார் மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தான். பூச்செண்டு அவனிடமே இருந்தது.

ஆட்டோக்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டு அவனிடம் கேட்டார். "யாரு சார் அது?"

"எங்க அக்கா."

"வந்து இத்த கொஞ்சம் தள்ளி வுட்டுட்டுப் போவச் சொல்லக் கூடாதா?"

சரிவில் இரண்டு கையும் ஊன்றி ஏறி, பூச்செண்டைப் பல்லில் கவ்வியபடி மெயின் ரோட்டை அடைந்தபோது ஒன்பது ஐம்பத்தைந்து. ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள். சேறும் கோட்டும் ரோஜாவுமாக ஒருவன் ஏறியதும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கல்யாணமா தம்பி?"

"ஆமாக்கா."

"மாப்பிள்ளையா நீங்க?"

"இல்ல, பொண்ணோட தம்பி."

"பொண்ணு எங்க?"

"முன்னாடி போயிட்டாங்க."

"யாரு கூட?"

"தனியாத்தான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெதுவாக, "என்ன கஷ்டமோ அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "எதுல சார் போச்சு?"

"என் கார்ல."

"காரும் போச்சா!" என்று அவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். அதன்பிறகு எந்த நிறுத்தத்திலும் யாரையும் ஏற்றவில்லை.

சர்ச் வளாகத்துக்குள் காலேப் ஓடி நுழைந்தபோது பத்து பதினேழு. அவன் கார் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. ஜன்னல் வரை சேறு, இறக்கையில் சேறு, நம்பர் பிளேட்டே தெரியவில்லை. கோடு போட்டது மாதிரி நேராக நிறுத்தியிருந்தாள். அவன் ஒருமுறைகூட அப்படி நிறுத்தியதில்லை.

வாசல்படியில் ஜெரூஷாவும் அப்பாவும் நின்றார்கள். படிக்கு மேலே அங்கி போட்ட ஆயர் கடிகாரம் கட்டிய கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆர்கன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் களைத்திருந்தது.

"எங்கடா போன?" என்று வேதசிரோமணி அடிக்குரலில் சீறினார். "பத்து மூணுக்கே வந்துட்டா இவ. தம்பி வராம உள்ள வர மாட்டேன்னு பதினாலு நிமிஷமா நிக்கிறா. எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. மாப்பிள்ளை உள்ள நின்னு நின்னு வேர்த்துட்டார்."

"பூ இல்லாம எப்படிப்பா போறது?" என்றாள் ஜெரூஷா.

அப்பா பூச்செண்டைப் பார்த்தார். அதில் பாதி ரோஜாவுக்கு இதழ் இல்லை. மீதிப் பாதியில் களிமண். பக்கத்தில் சர்ச் தோட்டத்தில் வேண்டிய மட்டும் பூ இருந்தது. அவர் அதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஜெரூஷா அதை வாங்கிக்கொண்டாள். குனிந்து, தம்பியின் காதருகே, "கிளட்ச் ஹார்டுன்னு பொய் சொன்ன இல்ல?" என்றாள். பிறகு கார்ச்சாவியைக் காட்டினாள். "எங்கிட்ட பாக்கெட் இல்ல. இந்தா." அவன் கையை நீட்டினான். அவள் அதை அப்பாவின் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

ஆயர் தொண்டையைச் செருமினார். பத்து பத்தொன்பதுக்கு ஜெரூஷாவின் வலதுகால் வாசலைத் தாண்டியது. புடவையின் கீழ்க்கரையில் ஒரு சாண் அகலத்துக்குச் செம்பழுப்பு நிறம் ஏறியிருந்தது. பார்க்கிறவர்கள் அதைப் பார்டர் என்றே எண்ணிக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தார்கள். அரிசிக்குப் பதில் பேப்பர் துணுக்குகளைத் தூவினார்கள். பட்டாபிராமன் காரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான். "சேறு செமயா இருக்கு ப்ரோ, எப்படி யோசிச்சீங்க?" என்றான். அங்கிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர்.

காலேப் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கம் போய் நின்றான். எல்லோரும் பார்த்தார்கள். அவனும் கணக்குப் போட்டான். சீட் இரண்டு. அவன் ஓட்டினால் புதுப் பெண்ணோ புது மாப்பிள்ளையோ, யாராவது ஒருவர் வேனில் போக வேண்டும். வேதசிரோமணி கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மகனையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். யாரிடமும் கொடுக்காமல் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றார்.

காலேப் அதை வாங்கி அக்காவிடம் கொடுத்தான். ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து, சேறு படாமல் புடவையை உள்ளே எடுத்து வைக்கும்வரை பிடித்துக்கொண்டான். பிறகு சுற்றிப் போய் மாப்பிள்ளைக்கும் கதவைத் திறந்தான். நிகில் பக்கெட் சீட்டுக்குள் சிரமப்பட்டு இறங்கி, சிவப்புப் பட்டைகள் நாலையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். நல்ல உயரம், நல்ல தாட்டியான ஆள்.

"மச்சான், இந்த பெல்ட்ட எப்படிப் போடணும்?"

"போடாதீங்க அத்தான்" என்றான் காலேப். "கேட் தாண்டினதும் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு. இறங்கணும்."